பதினெட்டு அடி ஆழத்தில் மரங்கள்

மடிக்கணினியின் திரையில் அந்த ஏரி விரித்துவைத்த கையைப் போலக் கிடந்தது. மதன் அதன் நடுவிரலின் மேல் பேனா முனையை வைத்தான்.

“இங்க பாருங்ணா. புள்ளி புள்ளியா இருக்குதில்ல, அத்தனையும் மரம். டேம் கட்டறப்ப வெட்டாம அப்படியே தண்ணிய விட்டுப்போட்டாங்க. பதினெட்டு அடி ஆழத்துல இன்னும் நின்னுக்கிட்டிருக்குது. கிராப்பி மீன் பூராம் அதுக்குள்ளதான்.”

சேனாபதி குனிந்து பார்த்தார். புள்ளிகள் மிக நெருக்கமாக இருந்தன. இலையில்லாத கிளைகளோடு ஒரு காடே தண்ணீருக்கடியில் நிற்பதை அவரால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

“கரையிலேருந்து போட முடியாதா?”

“அங்க கரைனு ஒண்ணு எங்கீங்ணா இருக்குது? சேறும் புதரும்தான். போட் இல்லாமப் போறதும் போகாததும் ஒண்ணுதான்.”

நான்கு வருடங்களாக இருவரும் ஹூஸ்டனை ஒட்டியிருந்த கேட்டி ஊரைச் சுற்றியுள்ள குளக்கரைகளில்தான் கிராப்பி பிடித்துவந்தார்கள். உள்ளங்கை அகல மீன். வெள்ளி உடம்பில் கறுப்புப் பொட்டுகள். வாய் மெல்லியது, அவசரப்பட்டுச் சுண்டினால் கிழித்துக்கொண்டு போய்விடும். அதைப் பிடிக்கப் பொறுமை வேண்டும், பேச்சு வேண்டாம். சேனாபதிக்கு அது பிடித்துப்போனதே அதனால்தான். கரையில் நின்று தூண்டில் போடுபவனிடம் நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்பதுமில்லை.

போன மாதம் மதன் பழைய அலுமினியப் படகு ஒன்றை வாங்கி வந்து கராஜில் நிறுத்தினான். அன்றிலிருந்து சேனாபதிக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

அவருக்கு நீச்சல் தெரியாது. இது மனைவி புஷ்பவல்லிக்குக்கூடத் தெரியாது.

முப்பது வருடங்களுக்கு முன், சத்தியமங்கலத்துக்குக் கிழக்கே பவானி ஆற்றில் மதனின் அண்ணன் கந்தசாமி மூழ்கிப்போனான். கூட இருந்தது சேனாபதி மட்டும்தான். இருவருக்கும் பதினாலு வயது, மதனுக்கு ஆறு. சிநேகிதன் மூன்று முறை உள்ளே பாய்ந்து தேடினான், கைக்குச் சிக்கவில்லை என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சைக் கேட்டே மதன் வளர்ந்தான். வேலை கிடைத்து ஹூஸ்டனில் இறங்கிய அன்று, விமான நிலையத்தில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கு இனி அண்ணன்னா நீங்கதானுங்” என்று சொல்லி அவரைக் கட்டிக்கொண்டான்.

சேனாபதி அன்றைக்கு ஆற்றில் பாயவே இல்லை.

“லிஸ்ட் பாத்துடலாம்” என்றான் மதன். எண்ணெய்க் கம்பெனியில் திட்டம் போடுவதுதான் அவன் வேலை. மீன் பிடிக்கப் போவதற்கும் எக்ஸெல் ஷீட் இல்லாமல் ஆகாது. “சனிக்கிழமை காலைல நாலு மணிக்குக் கிளம்பறோம். எட்டு மணிக்கு போட் தண்ணியில. தூண்டில்ல கோக்கறதுக்குப் பொடி மீன் மூணு டஜன் வழியில வாங்கிக்கலாம். லைஃப் ஜாக்கெட், தீக்ஷாவுக்குப் புதுசு ஒண்ணு. ஓகேவா?”

“நமக்கு?”

“போட்டோட ரெண்டு பழசு வந்துச்சில்ல, சீட்டுக்கடியில கிடக்குது. ஏரியில சோதனை பண்ற வார்டன் கேட்டா எடுத்துக் காட்டலாம். அதைப் போட்டுக்கிட்டுத் தூண்டில் போட முடியுமாங்ணா? கழுத்தை அறுக்குது.”

“சட்டமோ என்னமோ, போட்டுக்கறது நல்லதுடா. நீயாவது போட்டுக்க. உனக்குத்தான் நீச்சல் தெரியாதே.”

“எனக்குத் தெரியலைன்னா என்ன, நீங்க இருக்கீங்கல்ல?” மதன் சிரித்தான். “பவானி ஆத்துக்காரருக்கு ஜாக்கெட்! பிரீத்தி கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பா.”

மதனின் மனைவி பிரீத்திக்கு அன்று ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை டியூட்டி. அவள் இருந்திருந்தால் தன் பக்கம் பேசியிருப்பாள் என்று சேனாபதி நினைத்தார்.

“தண்ணி ஜில்லுனு இருக்கும்போல” என்று மதன் வேறொரு பக்கத்தைத் திறந்து படித்தான். “அம்பத்தாறு டிகிரி ஃபாரன்ஹீட். நல்லா நீந்தறவனுக்கே பத்து நிமிஷத்துல கை மரத்துப் போயிடும்னு ஒருத்தன் எழுதியிருக்கான். தண்ணி மட்டம் வரைக்கும் வளந்து நிக்கற மரத்துல இடிச்சு போட் கவுந்தா ஜோலி முடிஞ்சுது.”

“அப்ப ஏன் அங்க போகணும்? நமக்குத் தெரியாத ஏரி. ஏப்ரல் கடைசில வேணா—”

“ஏப்ரல்ல முட்டை போட்டுட்டுக் கலைஞ்சு போயிடுமுங்ணா. இதுதான் டைம். உங்களுக்கு என்ன இன்னிக்கு, வயசானவராட்டம்?”

கராஜ் கதவைத் தள்ளிக்கொண்டு தீக்ஷா ஓடி வந்தாள். எட்டு வயது. ஆரஞ்சு நிற ஜாக்கெட்டைக் காலையிலிருந்து கழற்றவில்லை. படகுக்குள் உட்கார்ந்து துடுப்புப் போடுவது அவளுடைய விளையாட்டு.

“பெரியப்பா, ஹவ் டீப் இஸ் இட்?”

“பதினெட்டு அடி” என்றார் சேனாபதி.

“கேன் யூ டச் த பாட்டம்?”

“பெரியப்பா மூணு தடவை தொட்டிருக்காரு” என்றான் மதன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் வாயைப் பிளந்து அவரைப் பார்த்துவிட்டு மறுபடியும் படகுக்கு ஓடினாள்.

சேனாபதி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்த அந்த நேரத்தில் மதனின் போன் அடித்தது. ஊரிலிருந்து அவன் அம்மா தனபாக்கியம், வீடியோவில். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். மதன் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தான்.

“சேனா, நல்லாருக்கறயா சாமி? இவன் படகுல போறேங்கறான். என்ற ஈரக்கொலையே நடுங்குது. இத்தன வருசத்துல இவன வாய்க்கால்லகூடக் கால் நனைக்க உட்டதில்ல. நீ கூடப் போறயின்னு சொன்னதுக்கப்புறந்தான் சரின்னு சொன்னேன்.”

“சரிங்கம்மா.”

“கந்தன் கெடைக்காமப் போனது உன்ற தப்பில்ல. நா ஒரு நாளும் அப்படி நெனைச்சதில்ல. குழந்தையையும் இவனையும் பாத்துக்குவயில்ல?”

சேனாபதி அந்த முகத்தையே பார்த்தார். தொடர்பு கொஞ்சம் தடைப்பட்டு அவள் வாய் திறந்தபடி நின்றுபோயிருந்தது.

“பாத்துக்கறனுங்கம்மா” என்றார்.

போன் வைக்கப்பட்டது. மதன் மறுபடியும் பட்டியலுக்குத் திரும்பினான். ஐஸ் பெட்டி, சன் ஸ்க்ரீன், தீக்ஷாவுக்குத் தயிர் சாதம். அவன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போவதை சேனாபதி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்கவில்லை.

“மதன், எனக்கு நீச்சல் தெரியாது.”

“போதுமுங்ணா, உங்க தன்னடக்கம்.”

“தெரியாதுடா. அன்னைக்கும் தெரியாது. நான் குதிக்கவே இல்ல.”

மதன் சிரித்த முகத்தோடுதான் நிமிர்ந்தான். அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சிரிப்பு உடனே போகவில்லை. அதை எங்கே வைப்பதென்று தெரியாததுபோல் முகத்திலேயே கொஞ்ச நேரம் கிடந்தது.

“உங்க உடம்பெல்லாம் ஈரமா இருந்துச்சுனு அம்மா சொல்லும்” என்றான்.

“கரையோரம் முட்டியளவுத் தண்ணி. அதுல படுத்து எந்திரிச்சேன். நனையாமப் போனா, ஏன்டா குதிக்கலைனு கேப்பாங்கன்னு பயம். ஈரத்தைப் பாத்து அவங்களே சொன்னாங்க, குதிச்சுத் தேடியிருக்கான் பாருன்னு. மறுநாள் எத்தனை தடவைனு கேட்டாங்க. மூணுன்னு சொல்லிட்டேன்.”

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகும் என்று முப்பது வருடங்களாக நம்பியிருந்தார். அப்படி எதுவும் நடக்கவில்லை. சமையலறையில் ஃபிரிட்ஜ் உறுமி ஓய்ந்தது. கராஜில் தீக்ஷா இல்லாத ஏதோ ஒரு மீனுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள்.

“நனையறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?” என்றான் மதன்.

“என்னது?”

“படுத்து எந்திரிச்சேன்னீங்களே. அதுக்கு எவ்வளவு நேரம்?”

இந்தக் கேள்வியை சேனாபதி எதிர்பார்க்கவில்லை. தனக்குத்தானேகூட அவர் இதைக் கேட்டுக்கொண்டதில்லை.

“தெரியலை. கொஞ்ச நேரம். சட்டை முழுக்க நனையலைனு ரெண்டாந்தடவை படுத்தேன்.”

“பக்கத்துல ஆளுங்க யாருமே இல்லியா?”

“மேட்டுல கரும்பு வெட்டிக்கிட்டிருந்தாங்க.”

“கூப்பிட்டாக் கேக்குமா?”

சேனாபதி ஜன்னலைப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் புல்வெளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“கேக்கும்.”

திட்டுவான், எழுந்து போகச் சொல்வான், அழக்கூடச் செய்வான் என்று சேனாபதி காத்திருந்தார். அவன் விரல்களை மேஜையின் மேல் பரப்பி, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து கராஜுக்குப் போனான். ஜாக்கெட்டின் கொக்கிகள் ஒவ்வொன்றாக விடுபடும் சத்தம் கேட்டது. “வொய், டாடி? வொய்?” என்று தீக்ஷா கத்தினாள். அழுதுகொண்டே அவள் மாடிப்படி ஏறுவதைச் சேனாபதி பார்த்தார். அவர் பக்கம் அவள் திரும்பவில்லை. அவள் இனி அந்தப் படகில் ஏறப்போவதில்லை என்பது மட்டும் புரிந்தது. அதற்குத்தானே சொன்னோம் என்று நினைத்துக்கொண்டார். அந்த ஆறுதல் நிலைக்கவில்லை.

மதன் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

“பாப்பா வரலை. சனிக்கிழமை நாலு மணிக்கே கிளம்பலாம். நாம ரெண்டு பேர் மட்டும்.”

“வேண்டாம்டா. என்னை நம்பித்தான் உங்கம்மா—”

“அம்மா நீங்க கூட வந்தாப் போகச் சொல்லியிருக்குது. வருவீங்கதானுங்ணா?”

குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. கோபம் இருந்திருந்தால் சேனாபதி மறுத்திருப்பார். முடியாது என்று சொல்ல வாய் திறந்தவருக்கு, அந்த வார்த்தையை இவனிடம் சொல்லும் தகுதி தனக்கில்லை என்று தோன்றியது.

“வர்றேன்” என்றார்.

மதன் தலையாட்டினான். காபி ஆறிப்போயிருந்த இரண்டு கோப்பைகளையும் எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் கழுவினான். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டான்.

“எந்த லேக்குனு அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இன்னும் சொல்லலை.”

குழாயை மூடிவிட்டு, துண்டில் கையை ஒவ்வொரு விரலாகத் துடைத்தான் மதன்.

“சரிங்ணா. சொல்ல வேண்டாம்” என்றான்.