பின்னால் உட்கார்ந்து வந்தவன்

இரண்டு வருஷமாக என் நம்பரை மறந்திருந்த தம்பிக்கு, அவனுடைய மோட்டார் சைக்கிள் நடுரோட்டில் படுத்துக்கொண்டதும் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

"அண்ணா, உன் வண்டி சும்மா இருக்கா? தள்ளவும் முடியல, தூக்கவும் முடியல. கண்டவன் வண்டியில இத ஏத்த மாட்டேன்."

எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கிடையாது. நான் பிக்கப் வண்டியில் பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ் என்று வீடு மாற்றுகிறவர்களின் சாமானை ஏற்றிப் பிழைக்கிறவன். அன்றைக்கு ஒப்புக்கொண்டிருந்த லோடை இன்னொருவனிடம் தள்ளிவிட்டுக் கிளம்பினேன். அவனுக்காக இல்லை, அம்மாவுக்காக.

அம்மாவுக்குச் சர்க்கரை கண்ணைத் தின்றுகொண்டிருக்கிறது. எதிரே ஆள் நிற்பது தெரியும், யாரென்று தெரியாது. குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். மிச்சமிருக்கிற பார்வையும் தங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். "முழுசா இருட்டறதுக்குள்ள அவன் மூஞ்சிய ஒரு தடவ கிட்டக்க வச்சுப் பாத்துடறேன்டா" என்று தினமும் என் உயிரை எடுக்கிறாள். கிளம்பும்போது நானும், "இன்னைக்குக் கூட்டிட்டு வரேன், போதுமா?" என்று சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

சண்டைக்குக் காரணமே அந்த மோட்டார் சைக்கிள்தான். அது வீட்டுக்கு வந்த வாரமே அப்பா மாரடைப்பில் போய்விட்டார். துக்கம் கேட்க வந்த அத்தனை பேர் முன்னாலும், அவன் பெண்டாட்டி காதுபட, "இந்தச் சனியன் வாசல்ல வந்து நின்ன நேரம், அவரக் கொண்டுபோயிடுச்சு" என்று அம்மா கத்தினாள். அழுகையில் வந்த வார்த்தை. இவனோ அன்றே பெண்டாட்டியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனவன், திரும்பியே பார்க்கவில்லை. ரோஷம் இருக்க வேண்டியதுதான், அதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

பெட்ரோல் பங்க் ஓரமாக நின்றிருந்தான். தலையில் ஹெல்மெட், அதன் கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டிருந்தான். "வாண்ணா" என்றான், நேற்றுப் பார்த்துவிட்டுப் போனவன் மாதிரி.

பக்கத்தில் ஒரு மண்மேடு இருந்தது. வண்டியின் பின்பக்கத்தை அதற்கு நேராகக் கொண்டுபோய் ஒட்டி, கதவை இறக்கி, பலகையைப் போட்டேன். பங்க் ஆட்கள் இரண்டு பேர் கை கொடுத்தார்கள். அப்பப்பா, என்ன கனம்! நாலு பேருக்கும் மூச்சு வாங்கிவிட்டது. மேலே ஏற்றியதும் கயிற்றை எடுத்து, பீரோவைக் கட்டுகிற மாதிரி குறுக்கே போட்டு இறுக்கினேன். எனக்குத் தெரிந்த கட்டு அதுதான்.

"ஐயோ, டேங்க் மேல போடாதண்ணா! கோடு விழுந்துடும். ஹேண்டில்ல ரெண்டு பக்கமும் கட்டி, முன்பக்கம் கொஞ்சம் அமுங்கறாப்புல இழு. பீரோவா இது?"

எல்லாவற்றையும் அவிழ்த்து அவனே கட்டினான். கயிறு பட்ட இடத்தில் தன் கைக்குட்டையை மடித்து வைத்தான். பிறகு பின்னாலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"முன்னாடி வாடா. பேசணும்."

"அப்புறம் பேசிக்கலாம்ணா. இது சாஞ்சா போச்சு. நீ பாத்து ஓட்டு."

வரும்போது வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தேன். எங்கே கெஞ்சுவது, எங்கே ஒரு அதட்டுப் போடுவது என்பது வரைக்கும் யோசித்திருந்தேன். பக்கத்து சீட் காலியாகக் கிடந்தது. பின் கண்ணாடியில் பார்த்தால், மேடு பள்ளம் வரும்போதெல்லாம் அவன் அந்த டேங்க்கை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொள்கிறான். 

எங்கள் தெருவுக்குள் வண்டியைத் திருப்பினேன். தகரம் நசுங்குகிற மாதிரி என் தலைக்கு மேலே கூரையில் தட்டினான். தட்டிக்கொள் என்று வாசலில் கொண்டுபோய்த்தான் நிறுத்தினேன். இறங்கிப் பின்பக்கம் ஓடினேன்.

"அஞ்சு நிமிஷம்டா. அவளுக்குக் கண்ணு போயிட்டிருக்கு."

"தெரியும். சித்தி சொன்னாங்க."

"தெரிஞ்சுமாடா வரல?"

"உன்ன இந்தத் தெருவுக்குப் போகச் சொன்னேனா? சனியன் வந்திருக்குன்னு போய்ச் சொல்லு."

அறைய வேண்டும்போல் இருந்தது. அதற்குள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"வந்துட்டானாடா?"

அவன் தலையை இடமும் வலமும் ஆட்டினான். வந்திருக்கிறான், ஆனால் இறங்க மாட்டேன் என்கிறான் என்று எந்த வாயால் சொல்வது? வரவே இல்லை என்றால் ஒரு நாள் அழுவாள், அவ்வளவுதான்.

"இல்லம்மா. வண்டி ரிப்பேர், அத மட்டும் மெக்கானிக்கிட்ட கொண்டு போறேன். அவன் பஸ்ல போயிட்டான்."

அம்மா கையை நீட்டித் துழாவினாள். பின் சக்கரம் கையில் பட்டது.

"இதான் அவன் வண்டியா?" அதைத் தடவிக்கொடுத்தாள். "இது யார என்னடா பண்ணும்? எனக்குத்தான் அன்னைக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. அம்மா தெரியாம சொல்லிட்டேன்னு அவன்கிட்ட சொல்லுடா."

இப்போது குதிப்பான், இப்போது குதிப்பான் என்று பார்த்தேன். அவன் கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்படி ஒரு கல்லோடு ஒரே வயிற்றில் பிறந்தேனே என்றிருந்தது.

"மேல யாரோ உக்காந்திருக்காப்புல இருக்கே?"

"வண்டியப் பிடிச்சுக்க ஒரு ஆள்மா."

"வெயில்லயா? அடப்பாவமே!" தடவித் தடவி உள்ளே போனவள், ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து மேலே நீட்டினாள். "இந்தாங்க தம்பி, குடிங்க."

ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு வாங்கிக்கொண்டான். அண்ணாந்து சொட்டு விடாமல் குடித்தான். குடித்துவிட்டுச் சொம்பைத் தந்தபோது அம்மா அவன் முகத்துக்கு நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் கொண்டாரட்டுமா தம்பி?"

வேண்டாம் என்று தலையசைத்தான். அது அவளுக்கு எங்கே தெரியும்? சற்று நேரம் காத்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்னடா, கேட்டா பதிலே காணோம்?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அவனுக்குப் பேச வராதும்மா. பொறவி ஊமை."

அம்மா காலிச் சொம்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ பாவம். ஒரு தடவையாவது அம்மான்னு கூப்பிட மாட்டானான்னு பெத்தவ எப்படிடா ஏங்கியிருப்பா."