பழைய கோப்புறையில் கிருஷ்ணம்மா

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. தரிசனம், சமூக அக்கறை என்றெல்லாம் தேடி ஏமாறாதீர்கள். என் கணவர் என் நாவலை அழித்துவிட்டார், அதனால் எழுதுகிறேன்.

அவருக்கு ஹேமநாதன் என்று பெயர் வைத்திருக்கிறேன். எனக்கு வாசுகி. கணவன் கூப்பிட்டதும் வாளியைப் பாதிக் கிணற்றில் விட்டுவிட்டு ஓடினாளே, அவள் பெயர்தான். வேண்டுமென்றே வைத்தேன். கதைக்குள் அவரை 'அவன்' என்று எழுதப்போகிறேன். வீட்டில் 'நீங்க'தான். இந்தச் சின்னப் பழிவாங்கலாவது எனக்கு மிஞ்சட்டும்.

2

முதல் தொடக்கம்: "கூலாயில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்..."

வேண்டாம். மலேசியாவின் தென்கோடியில் இருக்கும் எங்கள் கூலாயில் எந்த மாலையில் மழை இல்லை?

இரண்டாம் தொடக்கம்: "கணினி என்பது மனித நினைவின்—"

[கட்டுரைப் போட்டி வாடை. அடித்துவிட்டேன்.]

சரி, நடந்ததையே சொல்கிறேன். தீபாவளிக்கு முந்திய வாரம். மின்விசிறியைத் துடைத்து, திரைச்சீலைகளைத் துவைத்து, உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை வெளியே தள்ளுகிற வாரம். ஹேமநாதன் தினமும் எல்லை தாண்டிப் போய், சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். பழைய விண்டோஸுக்கு ஆதரவு அந்த அக்டோபரோடு முடிகிறது என்று அங்கே எல்லாவற்றையும் மாற்றி முடித்திருந்தான். அந்தச் சூட்டோடு வீட்டு மடிக்கணினியிலும் புதிய விண்டோஸை ஏற்றிச் சுத்தம் செய்ய உட்கார்ந்தான். நான் அடுப்படியில் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் கணினியில்தான் என் நாவல் இருந்தது. கோலாலம்பூரில் ஒரு பதிப்பாளர் அதைப் போட ஒப்புக்கொண்டு, தீபாவளி முடிந்ததும் கோப்பை அனுப்பச் சொல்லியிருந்தார்.

(நகல் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டாகிவிட்டது.)

3

பழையதை அழிக்காமல் புதியதை ஏற்றினால், விண்டோஸ் பழைய கோப்புகளை எல்லாம் ஒரு கோப்புறைக்குள் மூட்டை கட்டி வைக்கும். கொஞ்ச நாள் பார்க்கும். யாரும் கேட்காவிட்டால் தானே அழித்துவிடும். இயந்திரத்துக்கே அவ்வளவு பொறுமை இருக்கிறது.

அவன் திறந்து பார்த்தான். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம் எனக்கு. குடும்பப் படங்களை எடுத்து வைத்தான், மகளின் பள்ளி வேலைகளை எடுத்து வைத்தான். பிறகு என் கோப்புகளுக்கு வந்தான்.

நான் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் எழுதுகிறவள். ஒரு வார இதழில் தட்டச்சு செய்த காலத்தில் விரலில் ஏறியது, பிறகு இறங்கவே இல்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், திரை முழுக்கக் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். அந்த எழுத்துருவும் அதே மூட்டைக்குள்தான் கிடந்தது. எடுத்துப் போட்டிருந்தால் தமிழ் வந்திருக்கும்.

4

"உன் பைல் எல்லாம் ரொசாக் லா. வைரஸ் அடிச்சிருக்கு போல. அதான் அந்தப் பழைய போல்டரையே டிலீட் பண்ணிட்டேன். இப்ப பாரு, எவ்ளோ இடம்!"

"என்னக் கூப்ட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

"நீ மாவுக் கையோட இருந்த."

"அது என் நாவலுங்க."

"அலமாக்... எந்த நாவல்?"*

அழுதபடியே சொன்னேன். கிருஷ்ணம்மா என்று ஒருத்தி, பாலோ என்ற ஊரிலிருந்து சினாய் தொழிற்சாலைக்குப் போகிறவள், பேருந்து. அவன் முகம் வெளுத்துவிட்டது.

* 'ரொசாக்' என்றால் கெட்டுப்போனது, 'அலமாக்' என்றால் ஐயையோ. அவன் மலாய்ப் பள்ளியில் படித்தவன். தமிழ் பேசுவான், தமிழில் சண்டை போடுவான், சாமி கும்பிடுவான். வாசிக்கத் தெரியாது. எழுத்தின் உருவம் மட்டும் தெரியும்.

5

கூலாயில் கணினிக் கடை வைத்திருக்கும் தீபனிடம் கொண்டுபோனோம்.

"பழைய ஹார்ட் டிஸ்க்கா இருந்தா ஏதாச்சும் பண்ணலாம்க்கா. இது எஸ்எஸ்டி. அழிச்சா அழிச்சதுதான்."

திரும்ப எழுதிப் பார்த்தேன். "தொழிற்சாலைப் பேருந்தில் கிருஷ்ணம்மா எப்போதும் ஜன்னலோரம்—"

அதற்கு மேல் வரவில்லை. அந்த வாக்கியம் என்னை விட்டுப் போய்விட்டது.

ஹேமநாதனை வில்லனாக எழுதியும் பார்த்தேன். அதுவும் வரவில்லை. எனக்குத் தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிடுகிறவன் அவன். கெட்டவன் கெடுத்தால் ஊரோடு சேர்ந்து திட்டலாம். நல்லவன் கெடுத்தால் வாயைத் திறக்கிறவளுக்குத்தான் கெட்ட பெயர். "தெரியாமத்தானே செஞ்சாரு" என்றார்கள் எல்லோரும். அந்தத் தெரியாமையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

6

முடிவு அ: தீபன் கோப்புகளை மீட்டுவிடுகிறார். (பொய்.)

முடிவு ஆ: வாசுகி பெட்டியைக் கட்டுகிறாள். (எங்கே போவாள்? லாயாங் லாயாங்கில் அம்மா வீட்டிலும் மருமகனுக்குத்தான் முதலில் நாற்காலி போடுவார்கள்.)

முடிவு இ: தீபாவளி முடிந்த வாரம், அவன் ஒரு கட்டுத் தாளோடு வந்தான்.

"இந்தா. ஏஐ கிட்ட உன் கதைய சொன்னேன். முழுசா எழுதிக் குடுத்துருச்சு. கேஎல் பப்ளிஷருக்கு அனுப்பிடு." பக்கங்களைப் புரட்டிக் காட்டினான். "பாரு, ஒரு லெட்டர்கூட ரொசாக் இல்ல."

வாசித்தேன். அதில் கிருஷ்ணம்மா ரப்பர்த் தோட்டத்தில் விடியலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். என் கிருஷ்ணம்மா மேற்பார்வையாளரை அறைந்துவிட்டு, மதியச் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட்டு முடித்தவள்.

"நல்லாருக்கா?" என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுத்தெல்லாம் நல்லா வந்திருக்குங்க."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

7

இதுதான் நடந்தது. ஆனால் முடிவு என்று நான் எதையும் எழுதப்போவதில்லை.

பதிப்பாளருக்கு இன்னும் பதில் போடவில்லை. இதை அதே மடிக்கணினியில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். நாற்காலிக்குப் பின்னால் அவன் மைலோ கோப்பையோடு வந்து நிற்கிறான். திரையில் எழுத்துகள் சரியாக வருகின்றனவா என்று பார்க்கிறான். வருகின்றன.

"என்ன எழுதுற?"

நான் எழுதும்போது அவன் இப்படிக் கேட்பது இதுதான் முதல் தடவை. வாசித்துக் காட்டலாம். அழுவான், பிறகு நான்தான் தேற்ற வேண்டும். 'ஒண்ணுமில்லங்க' என்றும் சொல்லலாம். நம்பிவிடுவான்.

இன்னும் நிற்கிறான். இவ்வளவையும் தமிழில் வாசித்துக்கொண்டு வந்தவர் நீங்கள்தானே. நீங்களே அவனிடம் சொல்லிவிடுங்கள்.