இளவரசிக்குத் தேதி எதற்கு

1

இந்தக் கதையைச் சொன்னவர் இதை எழுத வேண்டாம் என்றுதான் சொன்னார். எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

அவர் ஆனையூர்ப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் நூலகர். இரவு வேலை முடிந்து, வீட்டுக்குப் போகப் பிடிக்காத காலைகளில் நான் அங்கே போய் உட்காருவேன். அவருக்குக் கனகலட்சுமி என்று நானாக ஒரு பெயர் வைத்திருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நூலகம் வெறும் புத்தகக் கிடங்கல்ல, புதிய தொழில்நுட்பத்தோடு கைகோத்து, விளையாட்டின் வழியாக…’ திறப்பு விழாப் பேச்சு. அடித்தேன்.

அடுத்தது: ‘கோடையில் கண்மாய் வறண்டு…’ கண்மாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதையும் அடித்தேன்.

2

நடந்தது இதுதான். சித்திரையில் ஒரு தொண்டு நிறுவனம் நூலகத்துக்கு ஆறு டேப் கணினிகள் கொடுத்தது. அதற்குள் ஒரு விளையாட்டு. பிள்ளைகள் ஆளுக்கொரு கதையை, தினம் இரண்டு வரி எழுத வேண்டும். நூலகர் தன் கணினியில் படித்து, தேவையென்றால் திருத்தி, ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்துவார். உடனே எழுதிய பிள்ளையின் டேப்பில் மணியடித்துப் பத்துப் புள்ளி விழும். யார் முன்னால் இருக்கிறார்கள் என்று சுவர்த்திரையில் தெரியும்.

விளையாட்டு நன்றாகவே வேலை செய்தது. புத்தகத்தைக் கண்டால் ஓடுகிற பிள்ளைகள் நல்ல சொல் ஒன்றுக்காக அலமாரியைக் குடைந்தார்கள்.

தமிழ்வாணிக்குப் பதினான்கு வயது, ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தாள். அவள் கதையில் ஓர் இளவரசி பத்தாம் வகுப்புப் புத்தகங்களை இரவல் வாங்கி, அட்டை போட்டு வைத்திருந்தாள்.

“ஏன்டி, உன் இளவரசி அரக்கன்கூடச் சண்டை போடுவாளா, மாட்டாளா?” என்றாள் பக்கத்தில் இருந்த தோழி ஜெஸி.

“அவளால அவங்கப்பாகிட்டயே பேச முடியல. இதுல அரக்கன் வேறயா?”

ஜெஸி சிரித்தாள். கனகலட்சுமிக்கும் சிரிப்பு வந்தது.

மறுநாள் தமிழ்வாணி எழுதிய வரிகள்: ‘இளவரசியைத் தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுக்க ராஜா முடிவு செய்தார். கல்யாணம் வைகாசி பதினாறாம் தேதி, காலை ஆறு மணி.’

“ராசா கதையில தேதி, மணியெல்லாம் எதுக்கும்மா? பத்திரிகையா அடிக்கிற?” என்றார் கனகலட்சுமி. “‘ஒரு நன்னாளில்’னு போடு. அழகா இருக்கும்.”

“இருக்கட்டும் மிஸ்.”

“சொன்னாக் கேளு.”

தேதியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ‘ஒரு நன்னாளில்’ என்று அவரே அடித்தார். அழுத்தினார். மணி அடித்தது. திரையில் தமிழ்வாணி முதலிடத்துக்கு ஏறினாள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அவள் கொஞ்ச நேரம் நூலகரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.*

* இந்த வரி நான் சேர்த்தது. “அவ மூஞ்சிய நான் பாக்கவே இல்ல” என்றுதான் கனகலட்சுமி சொன்னார். வரி பொய். ஆனாலும் எடுக்க மனமில்லை.

3

முதல் பிரதியில் கனகலட்சுமியைப் பொறுப்பில்லாதவராக எழுதியிருந்தேன். எந்நேரமும் கையில் போன், வாயில் கொட்டாவி. எழுதச் சுலபமாக இருந்தது. ஆனால் அவர் அப்படியில்லை. விடுமுறை நாளிலும் பிள்ளைகளுக்காகப் பூட்டைத் திறந்தவர். ஒரு வரி விடாமல் படித்தவர். கவனமாகப் படித்துத்தான் அந்தத் தேதியை அழித்தார். இதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வைகாசி பாதியில் தமிழ்வாணி வருவது நின்றது. ஊருக்குப் போயிருப்பாள் என்று நினைத்தார் கனகலட்சுமி. பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரத்தில் தொண்டு நிறுவனத்திலிருந்து போன் வந்தது.

“மேடம், மாவட்டத்துலயே உங்க நூலகத்துத் தமிழ்வாணிதான் முதல் பரிசு. அந்த ‘ஒரு நன்னாளில்’ வர்ற இடம் பிரமாதம். வெள்ளிக்கிழமை விழாவுக்குக் கூட்டிட்டு வந்துருங்க.”

அன்று சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. காலையில் ஜெஸி வந்ததும் தமிழ்வாணி எங்கே என்று கேட்டார்.

“அவளுக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சே மிஸ். பரவைல இருக்கா. அவ மாமா மார்க்கெட்ல மூட்டை தூக்குறாரு.”

“எப்போடி ஆச்சு?”

“அதான் தேதி போட்டு எழுதுனாள்ல. மிஸ் படிச்சிட்டாங்க, எப்படியும் போன் போட்டு நிப்பாட்டிருவாங்கன்னு சொன்னா. அதனாலதான் நானும் யாருகிட்டயும் சொல்லல.”

4

இப்போதும் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்யலாம். நடந்துவிட்ட கல்யாணம் என்றாலும் பதினான்கு வயதுப் பிள்ளைக்காகக் கேட்க ஆள் உண்டு. ஆனால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “உங்களுக்கு எப்பத் தெரியும்?” என்பது. விளையாட்டு எல்லாவற்றையும் சேமித்து வைத்திருக்கிறது: எழுதியவர் யார், எழுதியது என்ன, அழித்தவர் யார், எந்த நாள், எத்தனை மணி. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் முன்பு, நூலகர். அவர் வேலை போக அது போதும்.

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) கனகலட்சுமி போன் செய்கிறார். அதிகாரிகள் பரவைக்குப் போகிறார்கள். தமிழ்வாணி பத்தாம் வகுப்பில் மீண்டும் —

இதை முடிக்கக் கை வரவில்லை.

(ஆ) ஜெஸியையே தமிழ்வாணி என்று மேடையேற்றிவிடுகிறார். பரிசு, கைதட்டல், போட்டோ. இது நம்பும்படியாக இருக்கிறது. அதுதான் பயம்.

(இ) ‘பிள்ளை ஊருக்குப் போய்விட்டது’ என்று பதில் சொல்லிவிடுகிறார். அடுத்த பிள்ளைக்குப் பரிசு போகிறது. ஊரில் வழக்கமாக நடப்பது.

5

விஷயத்தைச் சொன்ன பிறகும் ஜெஸி நூலகரின் மேசையை விட்டு நகரவில்லை.

“மிஸ், வீடு எனக்குத் தெரியும். இப்பப் போனா அவ மாமா மார்க்கெட்ல இருப்பாரு. அவ மட்டுந்தான் இருப்பா. நான் போறேன், நீங்களும் வாரீங்களா?”

கனகலட்சுமி சொன்ன பதில் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். நல்ல பதிலாக எழுதினால் நிம்மதியாக மூடி வைப்பீர்கள். கெட்ட பதிலாக எழுதினால் அவரைத் திட்டிவிட்டு மூடி வைப்பீர்கள். எப்படி மூடினாலும் தமிழ்வாணி பரவையில்தான் இருக்கிறாள்.

ஜெஸி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். மார்க்கெட் பதினொரு மணிக்குக் கலைந்துவிடும். இப்போது பத்தே கால்.