வேலை செய்யாத இணைப்பைத் துண்டிக்க இயலாது

என் மனைவி தொலைக்காட்சியில் ஒரு வினாடி வினாவில் கலந்துகொண்டுவிட்டு வந்தாள். நடுவில் என்னைப் பற்றியும் கேட்டார்களாம். என்ன சொன்னாள் என்று கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு டிவியில பாத்துக்குங்க. நாம ரெண்டு பேரும் சேந்து பாக்கலாம்" என்று வாயை இறுக்கிக்கொண்டாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று அவளிடம் நான் கேட்டதே இல்லை. இப்போது அது தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் டிவியிலோ பதினோரு நாளாக வெறும் நீலம்தான். கேபிள் கம்பெனிக்கு தினமும் போன் செய்தேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்" என்று ஒரு பெண் குரல் சொல்லும். அதன் பிறகு நாற்பது நிமிஷம் புல்லாங்குழல். இந்தப் பதினோரு நாளில் அந்த மெட்டு எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

கம்பெனிகளுக்கா பஞ்சம்? பக்கத்து வீட்டில் ஒரு கம்பெனி, மாடி வீட்டில் ஒன்று, கீழ் வீட்டில் இன்னொன்று. "எங்க வீட்டுல வந்து பாருங்களேன்" என்று மூன்று வீட்டிலும் கூப்பிட்டார்கள். என் பெண்டாட்டியை நான் அடுத்தவர் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பதா? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை காலையிலேயே நான்காவதாக ஒரு கம்பெனியின் விற்பனையாளரை வரவழைத்தேன். சுவரில் பழைய ஒயரைப் பார்த்ததும் அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அவங்க கனெக்‌ஷன் இருக்கிற வீட்டுல நாங்க ஒரு ஆணி கூட அடிக்க மாட்டோம் சார். துண்டிச்சதா சீட்டு வாங்கி வைங்க. அப்புறம் பத்தே நிமிஷத்துல படம் வரும்."

நேராகப் பழைய கம்பெனிக்கே போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் என் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார்.

"இப்போ கனெக்‌ஷன் வேலை செய்யுதா சார்?"

"செஞ்சா நான் ஏம்மா இங்க வர்றேன்?"

"அப்போ துண்டிக்க முடியாதே. ஓடிட்டு இருக்கிறதைத்தான் நிறுத்தலாம். நின்னதை எப்படி சார் நிறுத்துறது?"

"சரி, ரிப்பேர் பண்ணித் தொலைங்க."

"ரிப்பேருக்கு இன்னும் பதினஞ்சு நாள் ஆகும். துண்டிக்கிறதுக்காக ரிப்பேர்னா அவசரப் பிரிவு, ரெண்டே நாள். விட்டுட்டுப் போறவங்களைக் காக்க வச்சா எங்க பேரு கெட்டுடும். இப்போ போட்டி அப்படி."

இருக்கிறவனுக்குப் பதினைந்து நாள், போகிறவனுக்கு இரண்டு நாள். எரிச்சல் தலைக்கேறியது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கண் முன்னால் நின்றதால் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிறு மூன்றே முக்காலுக்கு ஏணியும் கையுமாக டெக்னீஷியன் வந்தார். அவர் முடித்ததும் உள்ளே பாய்வதற்காக, கையில் புது கேபிள் பெட்டியோடு விற்பனையாளரும் வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். நான்கு மணி தாண்டியது. எனக்குக் கை கால் ஓடவில்லை. மனைவியோ நிதானமாகப் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நாலேகாலுக்குப் பளிச்சென்று படம் வந்தது. திரையில் அவளேதான்!

"உங்க வீட்டுக்காரர் எப்படிம்மா?" என்று கேட்டார் நிகழ்ச்சி நடத்துபவர்.

"அவரா?" திரையில் இருந்தவள் வெட்கமாகச் சிரித்தாள். "அவரைப் பத்தி ஒரே வார்த்தையில சொல்லணும்னா..."

திரை இருண்டது.

வாசலில் டெக்னீஷியன், கையில் வெட்டுக் குறடுடன். "வேலை செய்யுறதை உறுதி பண்ணிட்டு உடனே வெட்டிட்டேன் சார். இந்தாங்க சீட்டு."

"யோவ், ஒரு நிமிஷம் பொறுக்கக் கூடாதா?"

"ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் விண்ணப்பத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

பக்கத்து வீட்டில் குபீரென்று சிரித்தார்கள். இரண்டு நொடி கழித்து மாடி வீட்டில். அவர்கள் கம்பெனியில் எல்லாமே கொஞ்சம் தாமதம். கடைசியாகக் கீழ் வீடு; அங்கே கைதட்டலும் கேட்டது.

"என்னடி சொன்னே?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவமானத்தில் என் காது சுட்டது.

அதற்குள் விற்பனையாளர் கைபேசியில் அதே நிகழ்ச்சியைப் பார்த்தபடி, கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார்... அது நீங்கதானா?"