முழங்கைக்கு இடம்

சவப்பெட்டிக்காரர் இறந்தவரின் இடது முழங்கையை மறுபடியும் அழுத்திப் பார்த்தார். அது உடம்போடு ஒட்டுவதாக இல்லை. பக்கவாட்டில் துருத்திக்கொண்டு, பெட்டிக்குள் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"துணி இருந்தா குடுங்கம்மா, உடம்போட சேத்து இறுக்கிக் கட்டிடலாம். மூடி போட்டுட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

"கட்டக் கூடாது," என்றாள் மகள்.

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு அருகில் வந்தான்.

"இப்பவுமா? அப்பா உயிரோட இருந்தப்ப ஊர் சிரிச்சது போதாதா?"

ஊர் சிரித்தது உண்மைதான். அப்பா தொழிற்சாலையில் வெல்டர், ஓய்வு நாளில் ஓட்டக்காரர். சின்ன வயதில் ஒடிந்து கோணலாகக் கூடிய இடது கை, அவர் ஓடும்போது கூட்டத்தை இடித்துத் தள்ளுவதுபோல வெளியே வீசும். தொழிற்சாலை அணியின் பயிற்சியாளர் ஒருமுறை அந்தக் கையை இடுப்போடு வாரால் கட்டி ஓடவிட்டார். அப்பா முதலாவதாக வந்தார். பெரிய போட்டியன்று வாரை அவிழ்த்து வீசிவிட்டு ஓடி, மூன்றாவதாக வந்தார். பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு முதல்ல வந்தவன் யாருன்னே எனக்குத் தெரியல சார். இன்னைக்கு மூணாவதா வந்தது நான்," என்றாராம் அப்பா. அணியிலிருந்து கழற்றிவிட்டார்கள். அவர் பாட்டுக்குத் தனியாக ஓடிக்கொண்டிருந்தார், போன வாரம் வரைக்கும்.

அதே பயிற்சியாளர் இப்போது தள்ளாத வயதில் நாற்காலியில் சாய்ந்திருந்தார். "நல்ல கால்மா உங்கப்பாவுக்கு. அந்தக் கை மட்டும் சொன்ன பேச்சு கேட்டிருந்தா எங்கேயோ போயிருப்பான்."

"போயிருப்பாரு சார். ஆனா போனது எங்கப்பாவா இருந்திருக்காது."

அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. செத்த பிறகாவது இந்த மனுஷனைச் சும்மா விட்டால் என்ன?

பெட்டிக்காரரிடம் திரும்பினாள். "ரம்பம் வச்சிருக்கீங்களா?"

அவர் வெலவெலத்துப் போனார். "ஐயோ, என்னம்மா கேக்கறீங்க!"

"கையை இல்லைங்க, பலகையை. இந்தப் பக்கம் முழங்கை போற அளவுக்கு வெட்டிவிடுங்க."

"பாலிஷ் போட்ட நல்ல பலகைம்மா..."

"இருக்கட்டும். வெட்டுங்க."

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு," என்று அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கூடம் முழுக்க ரம்பத்தின் சத்தம் கரகரவென்று கேட்டது. மரத்தூள் அவள் கால்மேல் கொட்டியது. பாதியில் ரம்பம் சிக்கிக்கொண்டு பலகை ஆடியபோது, அண்ணன் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

மூடி சரியாகப் பொருந்தியது. பெட்டியைத் தோளில் ஏற்றித் தெருவுக்குக் கொண்டுவந்தபோது எதிர்ச்சாரியில் யாரோ சிரித்தார்கள். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. இடதுபக்கம் தோள் கொடுத்திருந்த அவன், வெளியே நீண்டிருந்த முழங்கைக்கு இடம்விட்டுத் தலையைச் சாய்த்தபடி நடந்தான்.