வள்ளியம்மா உட்கார்ந்ததும் கார் கிளம்பியது

1

பினாங்குப் பாலத்தின் நட்டநடுவில் செத்துப்போன காரை வள்ளியம்மா வெறுமனே உட்கார்ந்தே உயிர்ப்பித்தாள். அவள் உட்கார்ந்த வேகத்தில் பாலம் ஆடியது. கீழே போன கப்பலில் மாலுமிகள் புயல் என்று நினைத்துச் சங்கு ஊதினார்கள். அக்கரையில், பட்டர்வொர்த்தில்...

"பாலமா?" என்று எழுதுகிறவரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள் வள்ளியம்மா. "நம்ம வூடு டத்தோ கிராமாட்ல. ஏர்போர்ட்டு பாயான் லெப்பாஸ்ல. ரெண்டும் தீவுலதானே இருக்கு? பாலத்துக்கு எதுக்குங்க போனோம், காத்து வாங்கவா?"

சரி, பாலத்தை எடுத்தாயிற்று. கடலோர நெடுஞ்சாலை என்று வாசகர் திருத்திக்கொள்ளவும். [மாலுமிகளை விட மனமில்லை. வேறெங்காவது வைத்துக்கொள்ளலாம்.]

2

இதை எழுதுகிறவரும் இதில் வருகிறவரும் ஒரே ஆள்தான்: பக்கிரிசாமி, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். 'நான்' என்று எழுதினால் அடுத்து வருவது புளுகு என்று மனைவி முடிவுகட்டிவிடுகிறாள். அதனால் 'அவர்'. அதில் ஒரு மரியாதையும் இருக்கிறது.

கதை பிறந்தது ஜெலுத்தோங்கில், தயாளனின் வொர்க்ஷாப்பில். தயாளன் பின்சீட்டைக் கழற்றி, அடியில் இருந்த மூடியைத் திறந்து, பெட்ரோல் டாங்கிக்குள்ளிருந்து கைக்கடக்கமான ஓர் உருளையை உருவியெடுத்தார்.

"இதாண்ணே பம்பு. இது எந்நேரமும் எண்ணெயில* முங்கியே இருக்கணும். எண்ணெய்தான் அதுக்குக் குளிர்ச்சி. நீங்க சிவப்பு லைட்டு எரிய எரியத்தானே ஓட்டுவீங்க? சூடேறி இறுகிப்போச்சு லா. இனிமே டாங்கில கால்வாசிக்குக் கீழ எறங்க விடாதீங்க."

(* எங்கள் ஊரில் பெட்ரோலும் எண்ணெய்தான். வெளியூர் வாசகர் நல்லெண்ணெயை ஊற்றிவிட வேண்டாம். 'லா' வெறும் பேச்சு வால்; அதற்குப் பொருள் தேடவும் வேண்டாம்.)

"எந்நேரமும் எண்ணெய்க் குளியலா?" என்றாள் வள்ளியம்மா.

"ஆமாக்கா. தலைத்தீபாவளி மாப்பிள்ளை மாதிரி வச்சிக்கணும்."

"சரி தம்பி, அன்னிக்கு நடுரோட்டுல நின்னது எப்படித் திரும்ப ஓடுச்சு?" என்று பக்கிரிசாமி கேட்டார்.

"இறுகுன பம்பு பலமா ஒரு இடி பட்டா சில சமயம் சுத்தும். பின்சீட்டுல யாராச்சும் தொம்முனு உக்காந்தீங்களா?"

பக்கிரிசாமி மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்குறீங்க?" என்றாள் அவள். "நான் ஆடல, அசையல. சும்மா இருந்தேன்."

3

அவர்களின் ஒரே மகள் ஷர்மினிக்குத் துபாயில் வேலை கிடைத்தது. போகக்கூடாது என்றாள் தாய். போவேன் என்றாள் மகள். அன்றிலிருந்து வீட்டில் பேச்செல்லாம் பக்கிரிசாமி வழியாகத்தான் ஓடியது. "அப்பா, சட்டை காயலன்னு அம்மாகிட்ட சொல்லுங்க." "கொடியில எடம் இல்லன்னு உங்க மககிட்ட சொல்லுங்க." மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

புறப்பட வேண்டிய நாளுக்கு முன்தினம், "நான் வழியனுப்ப வரல, சொல்லிடுங்க" என்றாள் வள்ளியம்மா. காலையில் ஷர்மினி தன் தோழி பிரமிளாவின் காரில் போய்விட்டாள்.

[இந்த இடத்தில் வள்ளியம்மா என்ற பாத்திரம் நம்பும்படி இல்லை. வரமாட்டேன் என்றவள் ஏன் விடியும் முன்பே நல்ல சேலை கட்டியிருந்தாள்? வாசகர் கேட்பார். அவளிடமே கேட்டாயிற்று. "நெத்திலி சம்பல விட்டுட்டுப் போயிட்டா. குடுக்கணும்ல?" வாசகர் இதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம்.]

மகளுக்குப் பரிந்து பேசிய கணவர் மீதும் கோபம் இருந்ததால் அவள் முன்சீட்டில் ஏறவில்லை. மிளகாயில் வதக்கிய நெத்திலிச் சம்பல் டப்பாவோடு பின்சீட்டில், வாடகைக் காரில் போகிறவளைப் போல் உட்கார்ந்துகொண்டாள்.

4

நெடுஞ்சாலையில் கார் இரண்டு முறை விக்கியது. ஓரத்துக்கு ஒதுங்கி நின்றது.

சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து 'ங்ங்ங்' என்று சின்ன முனகல் வரவேண்டும். அதுதான் பம்ப் விழிக்கிற சத்தம். வரவில்லை. மறுபடி திருப்பினார். லாரிகள் போகிற இரைச்சல்தான் கேட்டது.

"என்னங்க," என்றாள் வள்ளியம்மா. "அவ உள்ள போயிருவாளே."

அந்தக் குரலை எழுதப் பக்கிரிசாமி படாத பாடு பட்டார். [அவள் குரல் பொங்கி வந்த கடலைப்போல... வேண்டாம்.] [ஆயிரம் தாய்மார்களின்... சீ.] எதையும் பத்து மடங்காக்கத் தெரிந்தவருக்கு அதை ஒரு மடங்குகூட ஏற்ற முடியவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

பிறகு 'தொம்' என்றது. அவர் கண்ணாடியில் பார்த்தபோது வள்ளியம்மாவின் கொண்டை காரின் கூரையைத் தொட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. மறுபடி 'தொம்'.

ங்ங்ங்.

("நான் குதிக்கல," என்கிறாள் இப்போதும். "லாரி போன அதிர்வு. எழுதுறதுன்னா உண்மைய எழுதுங்க.")

5

விமான நிலைய வாசலில் பக்கிரிசாமி இன்ஜினை நிறுத்தவில்லை. "எறங்கு, எறங்கு! நிறுத்துனா படுத்துடும் லா!"

"நீங்க?"

"நான் சுத்திகிட்டே இருக்கேன். ஓடு!"

காவலர் விசில் ஊதினார். அவரை ஒரு வணக்கத்தோடு கடந்து பக்கிரிசாமி சுற்றினார், மீண்டும் சுற்றினார். [மேலே வட்டமிட்ட விமானி, நமக்கு ஒரு போட்டியா என்று எட்டிப் பார்த்தார்.] மகள் போனதை அவர் பார்க்கவேயில்லை.

காரைக் கார்ப்பார்க்கில் போட்டுவிட்டு உள்ளே போயிருக்கலாமே என்று வாசகர் கேட்பார். போயிருக்கலாம். ஆனால் அவர் போயிருந்தால் இருவரும் அவரிடம்தான் பேசியிருப்பார்கள். "சம்பலை வாங்கிக்கச் சொல்லுங்க." "வாங்கிக்கிட்டேன்னு சொல்லுங்க." இடையில் அவர் இல்லாவிட்டால் ஒருத்தியிடம் ஒருத்தி பேசித்தானே ஆகவேண்டும்?

பம்ப் நல்ல சாக்கு.

6

ஆகவே இந்தக் கதையின் முடிவு அவர் கையில் இல்லை. மூன்று எழுதிப் பார்த்தார்.

தாயும் மகளும் அழுத அழுகையில் ஓடுபாதை வழுக்கி, விமானம் தாமதமானது.

மகள் உள்ளே போய்விட்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சம்பலோடு வள்ளியம்மா...

இருவரும் ஒன்றுமே பேசாமல் டப்பாவை மட்டும்...

"மூணும் தப்பு," என்றாள் வள்ளியம்மா.

"அப்ப நீயே சொல்லு. என்ன பேசிக்கிட்டீங்க?"

"அது எனக்கும் அவளுக்கும்."

அதனால் இந்த இடம் காலி: [          ]. வழியனுப்பிய அனுபவம் உள்ள வாசகர் நிரப்பிக்கொள்ளலாம். கதை முடிந்தது.

என்று எழுதிப் பேனாவை மூடினார். வள்ளியம்மா தாள்களை வாங்கி முதலிலிருந்து படித்தாள். பாலம் வந்த இடத்தில் முறைத்தாள். ஐந்தாம் பகுதிக்கு வந்ததும் அவள் விரல் ஒரு வரியிலேயே நின்றது.

"பம்ப் நல்ல சாக்கா?"

அவர் மூடிய பேனாவை மறுபடி திறந்து மூடினார்.

"அவளும் கேட்டா, அப்பா எங்கேம்மான்னு," என்றாள். "அத்தன நாளைக்கப்புறம் எங்கிட்ட நேரா பேசுன மொத பேச்சு அதுதான்."

"நீ என்ன சொன்ன?"

"காரு வழியில நின்னுபோச்சு, இப்ப நிறுத்த முடியாம சுத்துறாருன்னேன். நின்ன காரு எப்படிம்மா ஓடுச்சுன்னு கேட்டா."

"லாரி அதிர்வுன்னு சொன்னியா?"

வள்ளியம்மா தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கி அவர் முன்னால் வைத்தாள்.

"உன்னப் பாக்காம விட்டுருவேனோன்னு குதிச்சேன்டி, தலை இடிக்க இடிக்கக் குதிச்சேன்னு சொன்னேன்."