ஆறாவது நடுப்பட்டை

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல, கேட்டு வாங்கப்பட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் "இது என்ன, கதையா கட்டுரையா?" என்று முகம் சுளிப்பீர்கள்.

கைப்பந்துக் கழகத்தின் செயலாளர் ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, விழா மலருக்கு நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார். கழகத்தின் பெண்கள் அணி முதன்முதலாகக் கோப்பை வென்ற ஆட்டத்தின் பந்து, இத்தனை காலம் கழித்துத் திரும்பக் கிடைத்திருக்கிறதாம். அணியின் கோச் வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது. அவர் காலமான பிறகு அவருடைய மகள் கொண்டுவந்து கொடுத்தாராம். அணியினர் கையெழுத்துப் போட்ட பந்து. அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கத்தான் இந்த விழா.

"உங்க அக்கா அந்த டீம்ல ஆடினவங்க, நீங்க எழுத்தாளர். உங்களை விட்டா வேற யாரு சார்? முடிவை மட்டும் நானே சொல்லிடறேன். பந்துல ஒரு இடம் காலியா இருக்கு. இப்போ இருக்கிற கேப்டன் மேடையில வெச்சு அதுல கையெழுத்துப் போடறாங்க. பழசும் புதுசும் ஒன்னு சேருது. அதோட முடிச்சிருங்க."

முடிவைக் கையில் கொடுத்துவிட்டுக் கதை கேட்ட முதல் ஆள் இவர்தான். சோம்பேறியான எனக்கு அது வசதியாகத்தான் பட்டது. சரி என்று சொல்லிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்:

"பந்து உருண்டையானது. அதற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும்—"

(வேண்டாம். தத்துவம் பேசினால் தலைவர் உரை என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.)

இரண்டாவது தொடக்கம்:

"அரங்கமே எழுந்து நின்றது. வலையின் இருபுறமும் பதற்றம். அப்போது எதிரணியின் உயரமான—"

(நான் அந்த ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தேன். பார்க்காத அரங்கத்தை எழுப்பி நிறுத்த எனக்கு என்ன உரிமை?)

மூன்றாவது தொடக்கம்:

"அக்காவின் வலது கை நடுவிரல் கொஞ்சம் வளைந்திருக்கும்."

இது நிற்கட்டும். இது நான் அடிக்கடி பார்ப்பது. தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போது அந்த ஒரு விரல் மட்டும் மற்றவற்றோடு சேராமல் தனியாக நிற்கும். அக்கா அந்த அணியின் செட்டர். அதாவது வருகிற பந்தை, அடிப்பவளுக்குத் தோதாக வலைக்குமேல் தூக்கிக் கொடுப்பவள். கைதட்டல் எல்லாம் அடிப்பவளுக்குத்தான் போகும். அந்த இறுதி ஆட்டத்தில், வெல்ல ஒருசில புள்ளிகளே இருந்தபோது, தடுக்க எழும்பிய அக்காவின் விரலில் பந்து மோதி எலும்பு முறிந்தது. மாற்று ஆட்டக்காரி உள்ளே வந்தாள். அணி ஜெயித்தபோது அக்கா மருத்துவமனையில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இதுவரை எழுதியதை அவளிடம் காட்டினேன், கடைசியில் செயலாளர் சொன்ன முடிவையும் சேர்த்து. படித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தாள்.

"காலி இடம்னு எழுதியிருக்க."

"செயலாளர் அப்படித்தான் சொன்னார்க்கா."

"அது காலி இடம் இல்லடா. அது என் இடம்."

3

இங்கே கொஞ்சம் பந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சலிப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் மேலே போக முடியாது.

பழைய கைப்பந்தைத் தோல் பட்டைகளாகத்தான் தைப்பார்கள். மும்மூன்று பட்டையாக ஆறு கட்டு. களத்தில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். கட்டும் ஆறு, ஆளும் ஆறு என்பதைப் பார்த்து அந்தப் பெண்களில் யாருக்கோ ஒரு யோசனை வந்திருக்கிறது. முதலில் களத்தில் இறங்கிய ஆறு பேரும் ஆளுக்கொரு கட்டின் நடுப்பட்டையில் கையெழுத்துப் போடுவது. மாற்று ஆட்டக்காரிகளும் கோச்சும் பக்கப் பட்டைகளில் போடுவது. ஐந்து நடுப்பட்டையில் கையெழுத்து விழுந்தது. ஆறாவதை விட்டுவைத்தார்கள்.

அன்று சாயங்காலமே பந்தை மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அக்காவின் வலது கையில் மாவுக்கட்டு. பேனாவை இடது கையில் திணித்து, சும்மா ஒரு கோடாவது இழு என்று கெஞ்சியிருக்கிறார்கள். அக்கா மாட்டேன் என்றாள்.

"இடது கையால கிறுக்கி வைக்கவா அவ்வளவு ஆடினேன்? கட்டுப் பிரிக்கட்டும், ஒழுங்கா போடறேன்னு சொன்னேன். கட்டுப் பிரிக்கறதுக்குள்ள கோச்சுக்கு வேற ஊருக்கு மாற்றல் வந்திருச்சு. பந்தும் அவர்கூடப் போயிருச்சு."

"அன்னைக்கே ஒரு கோடு இழுத்திருந்தா இந்த வம்பே இல்லையே."

"அது கோடாத்தான் இருந்திருக்கும். கையெழுத்தா இருந்திருக்காது."

(அக்கா இந்த இடத்தில் கண்கலங்கினாள் என்று முந்தைய வரைவில் எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "நான் எப்படா அழுதேன்?" என்று கேட்டாள். அடித்துவிட்டேன். அழுதது நான்தான், எழுதும்போது.)

4

ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம். அக்கா என்பதற்காக அவள் பக்கமே சாய்ந்து எழுதினால் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள். அதனால் பழைய விளையாட்டுப் பொருட்களை மதிப்பிடும் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அவருடைய அறையில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. வெளிச்சம் பட்டால் மை வெளுக்குமாம். பேசும்போதே வெள்ளைக் கையுறையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"பழைய கையெழுத்துப் பக்கத்துல புதுசு போடவே கூடாது சார். யாரா இருந்தாலும் சரி. அந்தப் பந்து ஒரு சாயங்காலத்தோட சாட்சி. நாளைக்குப் பாக்கறவனுக்கு எது அன்னைக்குப் போட்டது, எது அப்புறம் போட்டதுன்னு எப்படித் தெரியும்? ஒன்னுல சந்தேகம் வந்தா எல்லாத்துலயும் வரும்."

"எங்க அக்கா தன்னோட பழைய கையெழுத்தையே போட்டா?"

"அது இன்னும் மோசம். அவங்களே அவங்களைப் போலி பண்ண மாதிரி ஆயிடும். புதுப் பந்து ஒன்னு வாங்கி அதுல போடச் சொல்லுங்க. பக்கத்துல வெச்சுக்கலாம்."

அவர் சொன்னதில் எனக்குத் தவறு தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் சங்கடம். முடிந்துபோன ஒன்றில் பின்னால் வந்து கைவைப்பது எழுத்திலும் நடக்கிறது. இளமையில் எழுதிய கதையை வயதான பிறகு திருத்தி, பழைய தேதியையே கீழே விட்டுவைப்பவர்களை எனக்குத் தெரியும். படிக்கிறவன் "இருபது வயதில் இவ்வளவு பக்குவமா!" என்று வியப்பான். அந்த வியப்பு திருட்டுச் சரக்கு. அப்படியானால் அக்காவின் கையெழுத்தும்—

(இந்த வாக்கியத்தை முடிக்கத் துணிவில்லாமல் எழுந்து அக்கா வீட்டுக்குப் போனேன்.)

5

அக்கா வேலை பார்ப்பது மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில். இரத்தம் எடுப்பாள், குழாயில் ஒட்டுச்சீட்டு ஒட்டுவாள், நாள் முழுக்க அதே வேலை. நான் வீட்டுக்குப் போனபோது பழைய கறுப்புத் தோல்பை ஒன்றை மடியில் வைத்து, அதன் உட்புறத்தில் விதவிதமான பேனாக்களால் கையெழுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று வழுக்கியிருந்தது, ஒன்று ஊறியிருந்தது. தெளிவாக விழுந்த ஒன்றை ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். போகவில்லை.

மதிப்பீட்டாளர் சொன்னதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன்.

"புதுப் பந்துல நான் எந்த ஆட்டத்தை ஆடினேன்?" என்றாள்.

"அது சரிக்கா, ஆனா அவர் சொல்றதுலயும்—"

"நியாயம் இருக்கு. யாரு இல்லைன்னா?" பேனாவுக்கு மூடி போட்டாள். "எங்க லேப்ல எடுத்த தேதி எழுதாத குழாயைத் தொடவே மாட்டோம். பழசா புதுசாங்கறது பிரச்சினை இல்லடா. பழசைப் புதுசுன்னோ புதுசைப் பழசுன்னோ சொல்றதுதான் பிரச்சினை. நான் என் இப்போதைய கையெழுத்தைப் போடுவேன். கீழே போடற அன்னிக்குத் தேதியை எழுதுவேன். எவன் ஏமாறுவான்?"

"அப்போ அந்தக் கேப்டன்?"

"பக்கப் பட்டை எத்தனையோ சும்மாதான் இருக்கு. தாராளமா போடட்டும், தேதியோட. நடுப்பட்டையில போடணும்னா அந்த ஆட்டத்தை ஆடியிருக்கணும்."

அங்கேயே நின்று மதிப்பீட்டாளரை அழைத்து இதைச் சொன்னேன். அவர், "தேதி போட்டா அது பொய் இல்லை, ஒத்துக்கறேன். ஆனா மதிப்பு குறையும்," என்றார்.

அக்கா என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி, "யாருக்குக் குறையும்?" என்று கேட்டாள்.

6

இந்தக் கதைக்கு ஒரு வில்லன் தேவை என்று செயலாளரை அப்படி வளர்த்துக்கொண்டு வந்தேன். மோதிரம் போட்ட விரல்கள், மேடை மோகம், அசட்டுச் சிரிப்பு எல்லாம் எழுதி வைத்திருந்தேன். அக்காவோடு போய் நேரில் பார்த்தபோது எல்லாவற்றையும் குப்பையில் போட வேண்டியதாயிற்று.

கழக அறையில் தனியாக உட்கார்ந்து பந்துக்குச் சின்னக் கைப்பம்பால் காற்று ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு அழுத்து, பிறகு காதை வைத்துக் கேட்பது, மறுபடி ஒரு அழுத்து. "அதிகமாப் போனா தையல் விட்டுரும். குறைஞ்சா தோல் சுருங்கி எழுத்து மடிஞ்சிரும்," என்றார். கைக்குழந்தைக்குப் பாலூட்டுகிறவர் மாதிரி இருந்தார். இவரை எப்படி வில்லனாக்குவது?

அக்கா பந்தைக் கையில் வாங்கினாள். பார்க்கவில்லை. விரல்களாலேயே ஒரு சுற்றுச் சுற்றி, ஆறாவது கட்டு மேலே வரும்படி பிடித்தாள். நடுப்பட்டை வெறுமையாக இருந்தது. அதை ஒட்டிய பக்கப் பட்டையில், இடம் போதாமல் நெருக்கி, ஒரு சின்னக் கையெழுத்து.

"இது யாருன்னு தெரியுமா? நான் வெளிய போனதும் எனக்குப் பதிலா உள்ள வந்தவ. கடைசிப் புள்ளிக்குப் பந்து தூக்கிக் கொடுத்ததே அவதான். அவ ஏன் நடுவுல போடாம ஓரத்துல ஒடுங்கிப் போட்டிருக்கா?"

செயலாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து பார்த்தார். பந்தைத் திருப்பி மற்ற ஐந்தையும் பார்த்தார். மறுபடி ஆறாவதுக்கு வந்தார். அவர் முகம் மாறுவதை நான் பார்த்தேன்.

"மிஞ்சிப் போன இடம்னு நெனச்சுட்டேன்மா," என்றார்.

"விட்டுவெச்ச இடம்."

அவர் கையைப் பிசைந்தார். அழைப்பிதழ் போய்விட்டதாம். கேப்டன் அந்தப் பட்டையில் கையெழுத்திடுவது நிகழ்ச்சி நிரலில் அச்சாகிவிட்டதாம். கமிட்டியைக் கூட்டினால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்களாம். எல்லாவற்றையும் மென்று விழுங்கிச் சொன்ன பிறகு, பந்தை மெல்லத் துணியில் வைத்துவிட்டு, "நிகழ்ச்சி நிரலை என்னால மாத்த முடியாது. ஆனா கேப்டனைக் கூப்பிடறதுக்கு முன்னாடி யாராவது எழுந்து வந்தா, நான் தடுக்க மாட்டேன்," என்றார்.

அக்கா சரி என்று தலையாட்டினாள். படியிறங்கும்போது, "அது போதும்," என்றாள்.

7

விழாவுக்கு முன்பே மலர் அச்சாக வேண்டும். அதனால் முடிவு எனக்கே தெரியாது. சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: கேப்டன் மேடையில் பேனாவை வாங்குகிறாள். பட்டையைப் பார்க்கிறாள். ஏதோ உணர்ந்தவளாக, கீழே இறங்கி வந்து அக்காவிடம் பேனாவை நீட்டுகிறாள். (பால் பாயசத்தில் தேன் ஊற்றியதுபோல் இருக்கிறது. அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. அவள் நல்ல மனசை நம்பி அக்காவின் இடத்தை விட முடியாது.)

முடிவு இரண்டு: யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. வெறும் பட்டையே கண்ணாடிக்குள் போகிறது. வெறுமையே பெரிய கையெழுத்து என்று ஓர் அழகான வரியோடு கதை முடிகிறது. (எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். "உனக்கு அழகா ஒரு வரி கிடைக்கறதுக்கு நான் இன்னும் காத்திருக்கணுமா?" என்று அக்கா கேட்டாள். போயிற்று.)

முடிவு மூன்று: அக்கா எழுந்திருக்க நினைக்கிறாள், ஆனால்—

(இதை முடிக்க மாட்டேன். அவள் எழுந்திருப்பாள்.)

செயலாளர் இந்த வரைவைப் படித்தார். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினார். "முடிவு நான் சொன்னது இல்லையே," என்றார். "முடிவே இல்லையே," என்றேன். தாள்களை அடுக்கி, அப்படியே அச்சுக்கு அனுப்பினார். கமிட்டியில் யாரும் படிக்க மாட்டார்கள், தங்கள் படம் எந்தப் பக்கத்தில் வந்திருக்கிறது என்று மட்டும்தான் பார்ப்பார்கள் என்றார்.

8

ஆகவே, இதைப் படிக்கிறவரே, நீங்கள் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மேடையில் யாரோ பேசிக்கொண்டிருக்கிறார். பேச்சு நீளுகிறது. இவ்வளவு நேரம் விசிறிக்கொண்டிருந்த மலரை வேறு வழியில்லாமல் பிரித்து இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறீர்கள். மேடையில் ஒரு மேசை இருக்கிறதா? அதன்மேல் பந்து இருக்கிறதா? கேப்டனை இன்னும் கூப்பிடவில்லையே?

நல்லது. நேரம் இருக்கிறது.

மூன்றாவது வரிசையைப் பாருங்கள். நடுவில், மடியில் கறுப்புத் தோல்பையோடு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். யார் சொன்னாலும் ஓரத்து இருக்கையில் உட்கார மாட்டாள். அதனால் எழுந்து வந்தால் ஐந்தாறு பேரின் முழங்காலைத் தாண்டித்தான் வரவேண்டும். அந்த ஐந்தாறு பேரில் நீங்களும் ஒருவராக இருக்கலாம்.

நான் எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். மிச்சம் உங்கள் காலடியில் இருக்கிறது. அவள் எழுந்தால், எங்கே போகிறீர்கள் என்று கேட்க வேண்டாம். காலை மடக்கி வழிவிடுங்கள். பேனாவின் மூடியை இருக்கையிலேயே கழற்றிவிட்டுத்தான் எழுவாள், உங்கள் சட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மை போகாது.